உறுமல் அடங்கிய பிறகு...

இருபது வயதில் சோகப் பாட்டு கேட்பது ஒரு சொகுசு. பெரிதாக எதையும் இழந்திருக்க மாட்டோம். ஆனாலும் உலகமே இருண்டதுபோல ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரப் பிடிக்கும். ஃபின்லாந்தின் 'ஸ்வாலோ த சன்' இசைக்குழு அந்த வயதுக்கென்றே அமைந்தது. வேலை, குடும்பம் என்று ஆனபின், 'எத்தனை நாள்தான் இந்த உறுமலைக் கேட்பது?' என்று அதை ஒதுக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது.

2000-ல் கிதார் கலைஞர் யூஹா ரைவியோ தொடங்கிய குழு இது. இவர்களுடையது 'டூம் மெட்டல்'. மெட்டல் இசையின் கனம் இருக்கும், வேகம் இருக்காது. ஈர மணலில் கால் புதையப் புதைய நடப்பதுபோல் நகரும். 2003-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெயருக்கே 'விடியல் வரவேயில்லை' என்றுதான் பொருள். துக்கத்தை அவர்கள் அழகாகக் கற்பனை செய்தார்கள்.

நிஜத் துக்கம் பின்னால் வந்தது. ரைவியோவின் துணைவி அலியா ஸ்டான்பிரிட்ஜ், தென்னாப்பிரிக்காவில் பிறந்த பாடகி. கிசுகிசுப்பதுபோல் பாடும் குரல். இருவரும் சேர்ந்து 'ட்ரீஸ் ஆஃப் எடர்னிட்டி' என்ற குழுவை நடத்தினார்கள். 2016 ஏப்ரலில் புற்றுநோய் அலியாவைக் கொண்டுபோனது. அந்தக் குழுவின் ஆல்பம் நவம்பரில்தான் வெளியானது. கேட்க அவர் இல்லை. அவர் எழுதிவைத்த கவிதைகளைக் கொண்டு மறுவருடம் 'ஹல்லாட்டர்' என்ற பெயரில் இன்னோர் ஆல்பம் செய்தார் ரைவியோ.

2019 ஜனவரியில் 'ஸ்வாலோ த சன்' திரும்பி வந்தது. 'வென் எ ஷேடோ இஸ் ஃபோர்ஸ்டு இன்டு த லைட்' என்ற அந்த ஆல்பத்தின் தலைப்பே அலியாவின் வரிகளிலிருந்து எடுத்ததுதான். எட்டே பாடல்கள்.

இவ்வளவு நடந்தபின் இசை இன்னும் இருண்டு, இன்னும் உறுமும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. பாடகர் மிக்கோ கோட்டமாக்கி பெரும்பாலும் இயல்பான குரலில், ஏறக்குறைய தாலாட்டுபோலப் பாடுகிறார். கிதார்களுக்குப் பின்னால் வயலின்கள் எழும்புகின்றன. உறுமலும் உண்டு, ஆனால் பயமுறுத்த அல்ல, அடக்க முடியாமல் வெடிக்கும் இடங்களில் மட்டும். கடைசிப் பாடலின் பெயர் 'நெவர் லெஃப்ட்'. போகவேயில்லை என்று பொருள். துக்க வீட்டில் உரக்க அழுதவர்கள் கிளம்பிப்போன பிறகு, நெருங்கியவர் ஒருவர் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாரே, அந்த நேரத்தின் இசை இது.

இருபதில் இந்தக் குழுவை விட்டுப்போனவர், இடையில் யாரையாவது பறிகொடுத்திருந்தால், ஒரே மூச்சில் கேட்டுவிட முடியாது. நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். முடித்தபின் பழைய ஆல்பங்களைத் தேடிப்போவார். 2009-ல் வந்த 'நியூ மூன்' ஆல்பத்தில், 'லைட்ஸ் ஆன் த லேக்' என்ற பாட்டில் ஒரு பெண்குரல் வரும். அன்று யாரென்று பார்க்காமலே கடந்துபோன குரல்.

அது அலியாதான்.