பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள்

தபால்தலை கைக்கு வந்ததும் அவர் முதலில் அதைத் திருப்பிப் போடுகிறார். முன்பக்கத்து ராணியோ ராஜாவோ காந்தியோ கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பசை முழுசாக இருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்டிய தடம் உண்டா, காகிதம் எங்காவது உரிந்து மெலிந்திருக்கிறதா, பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகே படத்துக்கு வருகிறார்.

மயிலாப்பூரில் ஒரு மாடி அறை. வடக்குப் பார்த்த ஜன்னலையொட்டி மேஜை. அதில் இடுக்கி, பூதக்கண்ணாடி, பல் எண்ணும் அளவுகோல், கறுப்புக் கிண்ணம், சின்ன புறஊதா விளக்கு. விரலால் யாரும் ஸ்டாம்பைத் தொடுவதில்லை, விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் காகிதத்தில் இறங்கிவிடும் என்பதால். தபால்தலை வாங்கி விற்பதும், பிறர் கொண்டுவருவதை மதிப்பிட்டுச் சொல்வதும் அவருடைய தொழில். எழுபதைத் தாண்டியவர். அருகில் உட்கார்ந்து கேட்டலாக் புரட்டிக்கொண்டிருந்த இளைஞர், அவரிடம் தொழில் பழகுகிறவர்.

நான் போயிருந்த அன்று கல்லூரி மாணவர் ஒருவர் தாத்தாவின் ஆல்பத்தோடு வந்திருந்தார்.

"எல்லாமே பழசு சார். அம்பது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"பழசுங்கறது மட்டும் போதாது தம்பி. எத்தனை அச்சடிச்சாங்க, எத்தனை மிச்சம் இருக்கு, மிச்சம் இருக்கிறது எந்த நிலைமையில இருக்கு, அதை யார் தேடுறாங்க, நாலையும் பார்க்கணும்."

உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கையே அவர் உதாரணமாக எடுத்தார். 1840 மே மாதம் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. அச்சானவை 6 கோடியே 80 லட்சம் அளவுக்கு இருக்கும். அதனால் அது இன்றும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு பென்னி பிளாக்குக்கும் இன்னொன்றுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தக் காலத்தில் துளைப்பல் கிடையாது. 240 தலைகள் கொண்ட தாளிலிருந்து அஞ்சலகக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். இரண்டு தலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியோ மிகக் குறுகலானது. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தப்பியிருந்தால் அது நல்ல பிரதி. ஒரு பக்கம் கத்தரி படத்துக்குள் புகுந்திருந்தாலும் விலை சரிந்துவிடும்.

கத்தரியால் கெட்டவை நம் பக்கத்திலும் ஏராளம். 1854-இல் கல்கத்தாவில் அச்சான நான்கணாத் தபால்தலையின் சட்டம் எட்டு மூலை கொண்டது. இலங்கையின் 1857-59 காலத்துத் தலைகளிலும் எட்டு மூலை வடிவங்கள் உண்டு. அவற்றில் நான்கு பென்னி ரோஸ் நிறத் தலை அந்நாட்டின் பெரும் அரியவைகளில் ஒன்று. வடிவம் எட்டு மூலையாக இருக்கிறதே என்று, அன்று பலர் நான்கு மூலை வெள்ளைக் காகிதத்தையும் நறுக்கிவிட்டு அழகாக ஒட்டினார்கள். கேட்டலாக் இன்று அப்படிப்பட்ட பிரதிக்குத் தனி விலை போடுகிறது, சதுரமாக வெட்டிய பிரதியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அந்த நான்கணாவில் இன்னொரு விசேஷம் உண்டு. சிவப்புச் சட்டம் ஒருமுறை, நீல நிறத்தில் ராணியின் தலை மறுமுறை என்று தாள் இரண்டு தடவை அச்சுக்குள் போனது. தாளைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் ராணி தலைகீழானாள். உலகின் மிகப் பழைய அச்சுப் பிழைத் தபால்தலைகளில் அது ஒன்று. இவ்வளவு அரியதாகிவிட்டால், மூலை நறுக்கிய பிரதிக்கும் ஏலத்தில் போட்டி இருக்கும்.

நிலைமைக்கும் அருமைக்கும் உள்ள இந்த இழுபறியைப் பெரியவர் இரண்டு அமெரிக்கக் கண்டத்துக் கதைகளால் விளக்கினார். 1856-இல் வெளியான பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா, அறியப்பட்டவரை உலகில் ஒன்றே ஒன்று. அதுவும் மூலைகள் வெட்டுப்பட்டது, மங்கியது, பின்பக்கத்தில் பழைய உரிமையாளர்களின் குறிகள் பதிந்தது. 2014-இல் 94 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2021-இல் 83 லட்சம் டாலர். இரண்டாவது பிரதி இல்லாதபோது கறையைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை. ஆனால் 1918-இல் விமானம் தலைகீழாக அச்சான 24 சென்ட் ஜென்னி, ஒரே தாளில் நூறு பிரதிகளாக வெளியே வந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் தாளில் அதன் இட எண் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் 49-ஆம் எண் வெகுகாலம் வெளிச்சம் படாமல் பெட்டகத்தில் இருந்தது, பசையும் குலையவில்லை. 2023-இல் அது 20 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே தாளின் மற்றப் பிரதிகள், ஆல்பத்தில் ஒட்டியவையும் நிறம் வெளிறியவையும், அதில் ஒரு பகுதிதான் பெறுகின்றன.

பசையின் மேல் இவ்வளவு காசு நிற்பதால் பசையிலேயே மோசடி நடக்கிறது. பசை போன தலைக்குப் புதிதாகப் பூசி மிண்ட், அதாவது பயன்படுத்தாத புதுத் தலை, என்று விற்பார்கள். கண்ணுக்கு முழுமையாகத்தான் இருக்கும். இளைஞர் ஒரு ஸ்டாம்பை இடுக்கியில் பிடித்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே அதன் பற்களின் நுனியைக் காட்டினார். அச்சகத்தில் முதலில் தாளுக்குப் பசை பூசுவார்கள், கடைசியில்தான் துளையிடுவார்கள். ஆகவே கிழித்த பல்லின் நுனியில் காகித நார் பஞ்சாக, மென்மையாக நிற்க வேண்டும். அவர் காட்டியதில் நுனிகள் விறைத்துப் பளபளத்தன. பின்னால் பூசிய பசை நாருக்குள் ஊறி இறுகியிருந்தது. "கவனிங்க, விரல்ல குத்தற மாதிரி நிக்குது" என்றார்.

பற்களிலும் வேலை காட்டுவார்கள். ஒரு பக்கம் பல் உடைந்த தலைக்கு அந்தப் பக்கத்தை நறுக்கிப் புதுத் துளை போடுவார்கள். அளவுகோல் அங்கே கைகொடுக்கிறது. இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை துளை என்ற கணக்கு பாரிஸைச் சேர்ந்த டாக்டர் லெக்ராண்ட் 1866-இல் வகுத்தது, இன்றும் அதே கணக்குதான். எதிரெதிர்ப் பக்கங்களின் எண்ணிக்கை ஒத்துவராவிட்டாலோ, தலையின் அகலம் ஒரு மயிரிழை குறைந்தாலோ சந்தேகம் வந்துவிடும்.

கறுப்புக் கிண்ணம் நீர்க்குறி பார்க்க. தலையைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு சொட்டு நீர்க்குறித் திரவம் விட்டால், காகிதத்துக்குள் இருக்கும் குறி சில விநாடிகள் இருண்டு தெரியும். பிரிட்டிஷ் இந்தியத் தலைகளில் 1865-இல் யானைத் தலை வந்தது, 1880களில் நட்சத்திரம் வந்தது. திருவிதாங்கூருக்குச் சங்கு, கொச்சிக்குக் குடை. முன்பக்கம் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு தலைகளை இந்தக் குறிதான் பிரிக்கும். உரிந்த இடமும் மடிப்பும் அதே ஈரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் போட்டோகிராவூர் முறையில் அச்சானதைக் கிண்ணத்தில் போடக் கூடாது, மை கரைய வாய்ப்புண்டு. பேனாவால் கோடு போட்டு வருவாய்த் தலையாகப் பயன்பட்ட உயர் மதிப்புத் தலைகளை ரசாயனத்தில் கழுவிப் புதிதாக விற்பதும் பழைய வித்தை. கழுவிய மையின் நிழல் பல சமயம் புறஊதா வெளிச்சத்தில் மேலே வரும்.

எந்தக் கருவிக்கும் சிக்காத கைகளும் இருந்திருக்கின்றன. இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த ழான் தெ ஸ்பெராட்டி, அக்காலத்து மலிவான அசல் தலைகளின் படத்தை மட்டும் வெளுத்துவிட்டு, அதே காகிதத்தில் அரிய தலையை அச்சிட்டார். காகிதம், பல், முத்திரை எல்லாம் அசல். 1942-இல் பிரெஞ்சுச் சுங்கத்துறை அவருடைய பார்சலைப் பிடித்து, விலைமதிப்புள்ள பொருளை அனுமதியின்றி ஏற்றுமதி செய்கிறார் என்று வழக்குப் போட்டது. நகல்கள்தான் என்று அவரே சொன்னார். தடயவியல் அறிஞர் எட்மண்ட் லோக்கார் ஆராய்ந்துவிட்டு, அவை அசல் என்றார்! பின்னாளில் பிரிட்டிஷ் தபால்தலைச் சங்கம் ஸ்பெராட்டியின் சரக்கையும் கருவிகளையும் விலைக்கு வாங்கித் தொழிலை முடித்துவைத்தது.

இந்தியாவில் ஆசையும் போலியும் அதிகம் மொய்ப்பது 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான பத்து ரூபாய் காந்தியை. சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானது. கவர்னர் ஜெனரலின் அலுவலகப் பயன்பாட்டுக்கென 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டவை நூறு மட்டுமே. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. சாதாரணப் பத்து ரூபாய்த் தலைமேல் அந்தச் சொல்லைப் பதித்துக்கொண்டு வருபவர்களுக்குக் குறைவில்லை. "இதுக்கு நான் வாயால பதில் சொல்றதில்ல. லண்டன் சர்டிஃபிகேட் வந்தாத்தான் பேச்சு" என்றார் பெரியவர். அங்கே ராயல் பிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. தனக்கு எந்த இடத்தில் தெரியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் தயங்காத இந்தக் குணத்தைத்தான் அவரிடம் நான் மிகவும் மதித்தேன்.

சென்னையின் கடற்காற்று அவருக்கு ஓயாத பகை. ஈரம் பட்டால் பசை இளகி ஆல்பத்தோடு ஒட்டும், காகிதத்தில் துருப்போலப் பழுப்புப் புள்ளி பரவும். ஆல்பங்களைப் படுக்கவைக்காமல் நிறுத்தித்தான் வைக்கிறார். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடிக்கடி மாற்றுகிறார்.

மாணவரின் ஆல்பத்தில் பெரும்பாலானவை லட்சக்கணக்கில் அச்சான நினைவுத் தலைகள். சேகரிப்பாகச் சந்தோஷம் தரும், விற்றால் காசு தேறாது. அதை ஒளிக்காமல் சொன்னார். ஆனால் கடைசிப் பக்கத்தில் செருகியிருந்த ஒரு பழைய உறையைக் கண்டதும் விளக்கை இழுத்துக்கொண்டார். அரையணாத் தலை, சாதாரணமானது. அதன்மேல் பாதி, உறைமேல் பாதியாக ஒரு சிற்றூர் அஞ்சலகத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. பின்பக்கத்தில் வந்துசேர்ந்த ஊரின் முத்திரையும் தேதியும். "தலையை மட்டும் பிரிச்சிருந்தா இது ஒண்ணுமில்ல தம்பி. உறையோட இருக்கிறதாலதான் எடுத்துப் பார்க்கிறேன்."

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கடிதக் கட்டு இருக்கலாம். தலையைக் கத்தரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பழுப்பைத் துடைக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். உறை, உள்ளே இருக்கும் கடிதம் எல்லாவற்றையும் கிடைத்தது கிடைத்தபடியே எடுத்துப்போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.