பைத்துலஹ்மின் சுவரும் வண்ணங்களும்



பைத்துல் முகத்தஸ் ஜியாரத்துக்குச் செல்லும் நம்மவர்கள் ஜோர்தான் நதிப் பாலத்தைக் கடந்து, மஸ்ஜிதுல் அக்ஸாவில் தொழுதபின், நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியிருக்கும் அல்கலீல் நகருக்குப் புறப்படுவது வழக்கம். இடையில் இருப்பது பைத்துலஹ்ம்; கிறிஸ்தவர்கள் பெத்லகேம் என்பர். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பேருந்து அவ்வூரில் நின்றபோது, முதலில் கண்ணில் பட்டது ஒரு சுவர்தான்.

எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் பலகைகளை நெருக்கமாக நிறுத்திய சுவர் அது. 2002இல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய தடுப்பின் ஒரு பகுதி. ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீன மண்ணில் இதனை எழுப்புவது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது, இடித்தகற்றப்பட வேண்டும் என்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று கருத்துரைத்தது. சுவர் நிற்கிறது.

அதன்மேல்தான் எத்தனை வண்ணங்கள்! கைகளைப் பின்னால் கட்டி, நமக்கு முதுகு காட்டி நிற்கும் சிறுவன் ஹன்ழலா. 1987இல் லண்டனில் சுட்டுக் கொல்லப்பட்ட பாலஸ்தீன ஓவியர் நாஜி அல்அலீயின் படைப்பு அவன். பேங்க்ஸி என்ற புனைபெயரில் மறைந்திருக்கும் ஆங்கிலேய ஓவியர் 2005இல் வந்து வரைந்து சென்றபின் உலகெங்கிலுமிருந்து ஓவியர்கள் வரத் தொடங்கினர். ஒருவர் வரைந்ததன்மேல் மற்றொருவர் வரைகிறார், எழுத்தின்மேல் எழுத்து. (உருவம் வரைவது பற்றிய மார்க்கச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள், இங்கே அதனை விரிக்கவில்லை.)

எங்கள் குழுவில் வந்திருந்த வயதான உம்மா ஒருவர் என்னருகே வந்து, “ஏன் ஹஜ்ரத், இம்புட்டு அழகா எழுதி வச்சிருக்காங்களே, மழையில கரைஞ்சிடாதா? மேலே ஒரு தகரம் போட்டா என்ன?” என்றார். அரபியில் ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “யா ஷைக், ஓவியத்தைக் காப்பாற்ற வருபவர்கள் முதலில் சுவரையல்லவா காப்பாற்ற வேண்டியிருக்கும்?” என்றார்.

அவர் சொன்னதை உம்மாவிடம் மொழிபெயர்த்தேன். அவர் ஒன்றும் கூறவில்லை. எனக்கோ அந்தப் பதில் நெடுநேரம் நெஞ்சை விட்டகலவில்லை.

பேணுவது நற்செயல் என்றே நாம் பழகியிருக்கிறோம். கையெழுத்துப் பிரதிகளையும் பழைய பள்ளிவாசல்களின் மரவேலைகளையும் காக்கவேண்டும் என்று நானே மாணவர்களிடம் வலியுறுத்துபவன். ஆனால் தெருச்சுவர் ஓவியம் அப்படிப்பட்டதா? பெயர்த்தெடுத்தால் என்னாகும் என்பதற்குக் காஸாவே சாட்சி. 2015இன் தொடக்கத்தில் பேங்க்ஸி அங்கே, குண்டுவீச்சில் தகர்ந்த வீடொன்றின் எஞ்சிய கதவில், தலையைக் கையில் தாங்கி அழும் பெண்ணை வரைந்தார். அதன் மதிப்பறியாத வீட்டுக்காரரிடமிருந்து 700 ஷெக்கலுக்கு ஒருவர் கதவை வாங்கிச் சென்றார். உண்மை தெரிந்தபின் வீட்டுக்காரர் ஏமாற்றப்பட்டதாக முறையிட, நீதிமன்ற ஆணையின்பேரில் போலீசார் கதவைக் கைப்பற்றினர். வீட்டை இழந்தவரிடம் மிஞ்சியிருந்தது அக்கதவு. அதற்கும் விலை வந்தது ஓவியத்தால்தான். விற்றது அவர் உரிமை. விலையை மறைத்து வாங்கியது நேர்மையா?

பெர்லின் மக்கள் தம் சுவரை 1989இல் திறந்தனர். மறு ஆண்டே எஞ்சிய ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளத்தில் பல நாட்டு ஓவியர்கள் வரைந்தனர். பின்னர் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. வெயிலும் பனியும் வண்ணத்தை உதிர்த்ததால் 2009இல் பழையதைச் சுரண்டிவிட்டு, வரைந்தவர்களையே மீண்டும் வரைய அழைத்தனர். சிலர் மறுத்தனர், வழக்கும் நடந்தது. இன்று அங்கே காண்பதில் பெரும்பகுதி 1990இன் கைவண்ணமன்று. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: பெர்லினில் சுவர் விழுந்தது முந்தியது, பேணியது பிந்தியது. அதைத் தீர்மானித்தவர்களும் அச்சுவரால் பிரிக்கப்பட்டிருந்தவர்கள்தாம்.

பைத்துலஹ்மிலோ சுவர் இன்னும் காவல் காக்கிறது. அங்கே தகரம் போடுவதும் மெருகு பூசுவதும் அந்நியர் முடிவு செய்யக்கூடியவையல்ல. படம் பிடிக்கலாம், பதிவு செய்யலாம், நாளும் இடமும் குறித்து வைக்கலாம். சுண்ணாம்பு பூசி அழித்துவிட அவ்வூரார் விரும்பினால் அதுவும் அவர்கள் உரிமையே. பெரிய ஓவியரின் கைவண்ணம் அழிகிறதே என்று லண்டனில் ஒருவர் வருந்துவதற்காக, அச்சுவரால் தோட்டத்தை இழந்தவர் அதைக் கட்டிக் காக்கவேண்டுமா?

இவ்வளவும் எழுதும் நான், அன்று பேருந்தைவிட்டு இறங்கி ஆசை தீரப் படம் எடுத்தவன்தான். ஊர் திரும்பியபின் மத்ரஸாவில் அப்படங்களைக் காட்டினேன். பத்து வயதுப் பையனொருவன் கண்கள் விரிய, “சுவர் ரொம்ப அழகா இருக்கு உஸ்தாத்!” என்றான்.

வண்ணம் பூசப்படாத வெறும் சுவரின் படமொன்றை அவனுக்குக் காட்டுவோம் என்று அன்றிரவு தேடினேன். நான் எடுத்தவற்றுள் அப்படி ஒன்றுகூட இல்லை.