பையன்தானே, போகட்டும்!

எங்கள் பிரிஞ்சாங் வட்டாரத்தில் மாலை மணி 7 ஆனால் லயத்துப் பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பார்கள். பையன் எங்கே என்று கேட்டால், "இங்கதான் எங்கயாச்சும் இருப்பான், டீச்சர்" என்று பதில் வரும். அந்த 'எங்கயாச்சும்' எதுவென்று பசார் மாலாம் நடக்கும் இரவுகளில் பார்க்கலாம்.

ஆறாம் ஆண்டுவரை நம் கண்முன் இருந்தவர்கள்தாம். தானா ராத்தா இடைநிலைப் பள்ளிக்குப் பஸ் ஏறத் தொடங்கியபின் சிலர் தடம் மாறுகிறார்கள். முதலில் பள்ளிக்கு மட்டம், அடுத்து சிகரெட், அப்புறம் யாருடைய மோட்டார் சைக்கிளோ.

சிறார் குற்றங்களில் பையன்களே மிகுதி என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஆண் இரத்தம் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். பெற்றோர், பள்ளி ஆகியவற்றோடு பற்று அறுந்த பிள்ளையே வழி தவறுகிறது என்று 1969இல் எழுதினார் அமெரிக்கரான டிராவிஸ் ஹிர்ஷி. வேடிக்கை என்னவென்றால், அவர் தம் ஆய்வில் பெண் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டார்! நம் வீட்டுக் கதையை 1985இல் சொன்னவர்கள் கனடாவின் ஜான் ஹேகனும் அவர் குழுவினரும். தந்தையின் அதிகாரம் ஓங்கிய வீட்டில் மகளைத் தாய் கட்டிக்காக்கிறாள், மகனை அவிழ்த்துவிடுகிறாள். வித்தியாசம் அங்கேதான் வளர்கிறது என்றார்கள்.

தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழுந்து மலையிலோ காய்கறித் தோட்டத்திலோ ஓட்டலிலோ பாடுபட்டுத் திரும்புகிறவளுக்கு, இருவரையும் காவல் காக்க ஏது தெம்பு?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் நள்ளிரவில் வருவான். அவனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் படிவத்துத் தங்கை கணக்கில் கெட்டிக்காரி. பஸ் நிறுத்தத்தில் வகுப்புப் பையனோடு பேசினாள் என்று பள்ளியையே நிறுத்திவிட்டார் தகப்பனார். நான் போனபோது, "அடங்காத கழுதை, ஹோம்ல போட்டுடலாமா டீச்சர்?" என்று கேட்டார், மகளைத்தான்! பிள்ளை கட்டுக்கு அடங்கவில்லை என்று பெற்றோரே நீதிமன்றத்தை நாட 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் வழி வைத்தது. அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. மகன் மட்டும் கண்ணுக்கு எட்டவில்லை.

"நேற்று ராத்திரி மகன் யாரோடு இருந்தான், அண்ணே?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதக் கேளுங்க டீச்சர்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் பஸ் ஏறினாள். பையன் விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் சாவி இப்போது இரவில் தகப்பனார் சட்டைப்பையில் இருக்கிறது.