வராத வாத்து

பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை பார்க்கப் பழக்கும் ஆசிரியர் என்று எங்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறேன். அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டே.

தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலை ஒட்டி நடத்திவரும் பறவைக் கணக்கெடுப்புக்காக அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குப் போயிருந்தோம். போவதற்கு முன் வகுப்பில் வரித்தலை வாத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் பறவை. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். கரும்பலகையில் வரைந்தும் காட்டினேன். பிள்ளைகள் அதைப் பார்க்கத்தான் வேன் ஏறினார்கள்.

அது அன்று வரவில்லை. நாமக்கோழி ஏராளமாக இருந்தது. ஊசிவால் வாத்து இருந்தது, நத்தைக்குத்தி நாரை இருந்தது. உண்மையில் பிள்ளைகள் நாமக்கோழியிலேயே சொக்கிப்போயிருந்தார்கள். அது சட்டென்று எழும்பாது. தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் மேலே கிளம்பும். ஒரு பையன் கரையில் அப்படியே ஓடிக் காட்டினான். அதை நான் ரசித்திருக்க வேண்டும். ‘நாமக்கோழியை எந்த ஏரியிலும் பார்க்கலாம், வாங்கடா’ என்று அவர்களை இழுத்துக்கொண்டு போனேன்.

வெயில் ஏறிய பிறகு எதிர்க்கரை ஓரமாக ஒரு கூட்டம் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும், அவை புள்ளிமூக்கு வாத்துகள். நம் ஊரிலேயே குடியிருப்பவை. ஆனால் வாயில் வந்தது, “அதோ பாருங்க, வரித்தலை!”

கூச்சல். ஆளுக்கொரு முறை பைனாகுலர் கை மாறியது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “தலை வெள்ளையா இல்லையே சார்” என்றாள்.

“கண்ணு கூசுற வெயில்ல அப்படித்தாம்மா தெரியும்.”

அவள் நோட்டில் ஏற்கெனவே ‘புள்ளிமூக்கு வாத்து – 12’ என்று எழுதியிருந்தாள். பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ‘வரித்தலை வாத்து’ என்று எழுதினாள். 12 அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலாவது தடுத்திருக்கலாம்.

திரும்பும்போது வேனிலேயே பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் செயலியில் பட்டியலை ஏற்றினேன். அடையாளம் கண்ட பறவைகளை எல்லாம் பதிந்துவிட்டீர்களா என்று கடைசியில் கேட்கும். ஆம் என்றேன். அந்த இடத்தில் அந்தப் பருவத்தில் வழக்கமில்லாத பறவையைப் போட்டால் செயலி நம்மை நிறுத்திக் கேட்கும். பிறகு ஒரு தன்னார்வலர் சரிபார்ப்பார். கரைவெட்டியில் ஜனவரியில் வரித்தலை வாத்து என்றால் யார் கேட்பார்கள்? அகப்படாத பொய் எது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்று எனக்கு நானே வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைகூட இல்லை. பெற்றோர் காசு போட்டு அமர்த்திய வேன். வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்பார்கள். நாமக்கோழி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வாத்துக் கூட்டத்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் சம்பளமில்லாமல் ஈபேர்டில் ஏற்றிய 3 கோடிப் பதிவுகள். ஆளுக்கு ஆள் தெரியாமல் செய்யும் பிழைகள் அத்தனை பெரிய கணக்கில் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். என்னைப் போன்றவர்களின் பிழை அப்படியல்ல, எப்போதும் ‘பார்த்தோம்’ என்ற பக்கமே சாயும். கரைவெட்டி ஒரு பாசன ஏரி. புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் எப்போது வருகிறது, எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பறவைகளின் வரத்தும் மாறும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்துவிட்ட இந்த ஏரிக்கு ஒரு வாத்து வராத நாளும் பதிவாக வேண்டிய செய்திதான். அதைத்தான் அழித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணி, அதை அளவாக வைத்து மொத்தத்தைக் கணக்கிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நானோ மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்கிறவன்போல 300, 500 என்று போட்டிருக்கிறேன். எண்ணாவிட்டால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று போட்டுவிடலாம், செயலியிலேயே அதற்கு வழி உண்டு. எக்ஸ் போட்டால் எண்ணத் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற கவலை எனக்கு.

கரைவெட்டிப் பட்டியலைத் திருத்திவிட்டேன். அதற்குச் சில நிமிடம்கூட ஆகவில்லை. பழைய பட்டியல்களில் முழு நூறுகளாக நிற்பவற்றை ஒவ்வொன்றாக எக்ஸ் ஆக்கி வருகிறேன். எதை எண்ணினேன், எதை அடித்துவிட்டேன் என்று பலவற்றில் எனக்கே நினைவில்லை. அந்த மாணவியிடம் இன்னும் பேசவில்லை. மேல்வகுப்புக்குப் போய்விட்டாள். ஏரிக்கு அழைத்தால் படிக்க வேண்டும் என்கிறாள். காரணம் அதுதானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.