மேடை மாறினால் காதும் மாறுமா? - ஒரு கானா கச்சேரியும் அதன் ரசிகர்களும்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு கானாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கவரைப்பேட்டையில் ஏறினால் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று வண்டி வடசென்னைக்குள் நுழைவதற்குள் ஏதாவது ஒரு பெட்டியில் கச்சேரி ஆரம்பித்துவிடும். வாத்தியம் என்ன? பெட்டியின் தகரச் சுவர்தான். கைதான் குச்சி. ஒருத்தன் எடுத்துக் கொடுப்பான், பத்துப் பேர் திருப்பிப் பாடுவார்கள். ரூட்டுப் பெருமை, காதல் தோல்வி, செத்துப்போன நண்பன்... எல்லாமே பாட்டுதான்.

சரி, பக்கத்து சீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? முகத்தைச் சுளிப்பார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடுவார். 'பொறுக்கிப் பசங்க' என்று ஒரு வார்த்தை வேறு! (ரூட்டு தல சண்டையைப் பார்த்தவர்கள் அப்படிப் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சண்டை வேறு, பாட்டு வேறு இல்லையா?)

இப்போது மேட்டருக்கு வருவோம்.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கம், சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானம். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற புது இசைக்குழுவின் முதல் கச்சேரி. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பெயர் சும்மா வைத்ததல்ல. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) முன்வைத்த 'சாதி பேதமற்ற' என்ற சொல்லில் இருந்து பிறந்த பெயர்.

மேடையைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் எலக்ட்ரிக் கிடார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் சட்டி, கட்ட மோளம், பறை. நடுவில் கானா பாடகர்களும் ராப் பாடகர்களும். மேற்கத்திய நாடுகளில் 'ரூட்ஸ் ராக்' என்பார்களே, மண்ணின் பாட்டை எடுத்து ராக் இசையோடு கலப்பது, அதற்கு நம்ம ஊரில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். பாடகர்கள் போட்டிருந்ததோ சாம்பல் நிறக் கோட்டு, சூட்டு! வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அனுமதி இலவசம். வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அது எந்த மாதம் என்பதையும் கவனிக்க வேண்டும். மார்கழி! மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபாக்களில் சீசன் களைகட்டும் மாதம். அங்கே ரசிகர் தொடையில் தாளம் போடுவார், தலையை ஆட்டுவார், பிடித்தால் 'பலே' என்பார். இங்கே விசில், ஆட்டம், 'ஜெய் பீம்' கோஷம். இரண்டுமே ரசனைதான். ஒன்றை மட்டும் 'ரசனை' என்றும் மற்றதை 'சத்தம்' என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கச்சேரியையும் அதன் வீடியோக்களையும் பார்த்தவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கானா ஏற்கெனவே தெரிந்தவர்கள். சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா கேட்டவர்கள், ரயில் பெட்டியில் பாடியவர்கள். இவர்களுக்குப் பாட்டு புதுசு இல்லை, மேடைதான் புதுசு. 'நம்ம பாட்டு மைக் முன்னாடி நிக்குது' என்ற சந்தோஷம் அவர்களுடையது.

இரண்டாவது வகை, சினிமா வழியாக மட்டும் கானா தெரிந்தவர்கள். தொண்ணூறுகளில் தேவா, 2012-ல் 'அட்டகத்தி' மூலம் கானா பாலா. இவர்களுக்குக் கானா என்றால் குத்தாட்டம், ஜாலி. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக் கொலை என்றெல்லாம் அதே தாளத்தில் கேட்டால் ஒரு நிமிடம் ஆடிய கால் நிற்கும். நின்ற பிறகு திரும்ப ஆடுகிறதா இல்லையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது!

மூன்றாவது வகை, 'பாட்டு ஓகே, அரசியல் எதுக்கு?' என்று கேட்டவர்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் கானா எங்கே பிறந்தது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். குடிசை, துறைமுகம், இழவு வீடு. வாழ்க்கையைச் சொல்லாத கானா எப்போது இருந்தது? அந்த வாழ்க்கையைச் சொன்னாலே அரசியல் ஆகிவிடுகிறது என்றால் தப்பு பாட்டில் இல்லை.

ரசிகர்கள் இப்படி மோதிக்கொள்வது உலகத்துக்கே பொதுவான சமாச்சாரம். 1965 ஜூலை 25, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. பாப் டிலன் எலக்ட்ரிக் கிடாரோடு மேடை ஏறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கத்திக் கூச்சல் போட்டது. கோபம் கிடார் மேலா, மோசமான ஒலி அமைப்பு மேலா, கொஞ்சமே பாடியதாலா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அடுத்த வருடம் மே 17, மான்செஸ்டரில் ஒரு ரசிகர் அவரைப் பார்த்து 'யூதாஸ்' என்றே கத்தினார். துரோகியாம்!

இரண்டு ஊர்க் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 'எங்க பாட்டை விட்டுட்டுப் போயிட்டியே' என்று கோபம். இங்கே பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் 'எங்க பாட்டையும் கூட்டிட்டு வந்துட்டியே' என்று சந்தோஷம். வாத்தியம் அதே எலக்ட்ரிக் கிடார்தான்! கிடார் பாட்டை மாற்றியதா என்பது இரண்டாம்பட்சம். அது பாட்டை யாரிடமிருந்து எடுத்துப் போகிறது, யாரோடு சேர்ந்து நிற்கிறது என்பதைத்தான் ரசிகர்கள் பார்க்கிறார்கள்.

அன்று மான்செஸ்டரில் டிலனோடு வாசித்தவர்களில் பெரும்பாலானோர் பின்னாளில் 'தி பேண்ட்' குழுவில் இருந்தார்கள். அவர்களுடைய விடைபெறும் கச்சேரி 1976 நவம்பர் 25-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. மார்ட்டின் ஸ்கோர்செஸி அதைப் படமாக எடுத்து 1978-ல் வெளியிட்டார். ராக் கச்சேரிப் படங்களிலேயே சிறந்தது என்று கொண்டாடுகிறவர்கள் நிறைய. ஆனால் அதே குழுவின் டிரம்மர் லெவான் ஹெல்ம், கேமரா ராபி ராபர்ட்சனையே சுற்றி வருகிறது, மற்றவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள் என்று 1993-ல் வந்த தன் புத்தகத்தில் குமுறினார். ரசிகர் கைதட்டிவிட்டுப் போய்விடுவார், கேமரா யாரைக் காட்டியது என்பது மட்டும் வரலாறாக நின்றுவிடும்.

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று நினைக்காதீர்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் நின்ற அறிவு, 2021 மார்ச்சில் தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் பூராவும் ஓடியது. அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் கேள்வி கேட்டார், ரசிகர்கள் கொதித்தார்கள், பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கைதட்டுவதோடு நிற்காமல் 'பாடினவன் எங்கே?' என்று கேட்டதால் நடந்தது அது.

அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி. ராயபுரத்துப் பெண். ஆண்களின் கோட்டையான கானாவில் நின்று பாடி, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம் பிடித்தார். கோயில் நுழைவு உரிமை பற்றி அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' மேடையில் கைதட்டல் வாங்கிய பாட்டு. வருடங்கள் ஓடி, 2024 நவம்பரில் அதே பாட்டின் வீடியோ திரும்பச் சுற்றியபோது வந்தவை வசவுகள், மிரட்டல்கள், போலீஸ் புகார்கள். பாட்டில் ஒரு வரி கூட மாறவில்லை. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. பாடியவரை மிரட்ட யாருக்கும் இல்லை. கூட்டமாகக் கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம், பாடியவர் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியை ஆரம்பித்தது. கானா, பறை, ஒப்பாரி என்று மார்கழி மேடையில் ஏறின. நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மேடையில் கேட்கும்போது 'ஆஹா, மண்ணின் கலை!' என்று போனில் படம் பிடிக்கிற கை, அதே பாட்டை அதே ஊர்ப் பையன் தகரத்தில் தட்டிப் பாடினால் காதைப் பொத்துகிறதே, அது ஏன்? கோட்டு போட்டால்தான் காது திறக்கும் என்றால், ரசித்தது பாட்டையா, கோட்டையா?

பதில் ஆளாளுக்கு மாறும். கேட்டுப் பார்ப்பதில் காசு பணம் செலவில்லை!