தினம் நாலரை மணி நேரம்

ஹாம்பர்க் நகரின் சாங்க்ட் பவுலி பகுதியில், ரீப்பர்பான் சாலையிலிருந்து பிரிந்து போகிறது குரோஸ ஃப்ரைஹைட் தெரு. மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருவிலேயே புனித ஜோசப் கத்தோலிக்க தேவாலயமும் இருக்கிறது. ரீப்பர்பான் முனையில் கூட்டம் நெரியும். உள்ளே போகப் போகக் குறைந்துவிடும். 64ஆம் எண் கட்டடத்தில் உள்ள இந்திரா கிளப்புக்கு அந்த உள்கோடி வரை நடக்க வேண்டும். நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இங்கே பாடியவர்களைத் தேடிக் கூட்டம் தானாக வந்திருக்காது, அவர்கள்தான் அதை இழுத்திருக்க வேண்டும்.

அந்த வேலைக்குத்தான் 1960 ஆகஸ்ட் 17 அன்று லிவர்பூலிலிருந்து ஐந்து இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டூவர்ட் சட்கிளிஃப், பீட் பெஸ்ட். குழுவின் பெயர் பீட்டில்ஸ். டிரம்ஸ் வாசித்த பெஸ்ட், கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் குழுவில் சேர்ந்தவர். ஹாரிசனுக்கு வயது 17. ஏற்பாட்டாளர் ஆலன் வில்லியம்ஸின் வேனில் பத்துப் பேர் அடைந்துகொண்டு, ஹார்விச் துறைமுகத்தில் கப்பலேறி, ஹாலந்து வழியாக வந்தார்கள். முறையான வேலை அனுமதி ஒருவரிடமும் இல்லை.

வந்த இரவே மேடை.

கிளப் முதலாளி புரூனோ கோஷ்மிடர் போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்தால், அது கச்சேரி ஏற்பாடு என்பதைவிட ஷிப்டு வேலை என்றே சொல்லத் தோன்றும். வாரநாட்களில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி, இடையிடையே அரை மணி ஓய்வு விட்டு, அதிகாலை இரண்டு வரை. மொத்த வாசிப்பு நாலரை மணி நேரம். சனி, ஞாயிறுகளில் ஆறு மணி நேரம். ஆளுக்கு நாள் கூலி 30 மார்க்.

தங்க வைத்த இடம் பக்கத்துத் தெருவில், கோஷ்மிடருக்கே சொந்தமான பாம்பி கினோ திரையரங்கு. திரைக்குப் பின்னால், கழிப்பறையை ஒட்டிய ஜன்னலில்லாத அறைகள். விடிய விடிய வாசித்துவிட்டு வந்து படுப்பவர்களைப் பகல் காட்சியின் வசனச் சத்தம் எழுப்பிவிடும். முகம் கழுவ அந்தக் கழிப்பறைத் தண்ணீர்தான்.

முதல் நாட்களின் பெரிய சிக்கல், கைவசம் இருந்த பாட்டு போதவில்லை என்பது. ஊரில் சிறிது நேரம் மேடையேறி, நன்றாக வரும் பாடல்களை மட்டும் பாடிவிட்டு இறங்கிவிடலாம். இங்கே நாலரை மணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். ஆகவே பாட்டை நீட்டினார்கள். ரே சார்ல்ஸின் ‘வாட்'ட் ஐ சே’ பாடலை எடுத்தால், முடிக்கிற இடத்தில் முடிக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தார்கள். எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் என்று தேடித் தேடிப் புதிய பாடல்களைச் சேர்த்தார்கள். ஒருவர் தொண்டை கட்டினால் அடுத்தவர் பாட வேண்டும். அப்படித்தான் முன்னணிப் பாடகர் ஒருவர் என்றில்லாமல் எல்லோரும் பாடும் குழுவாக அது உறுதிப்பட்டது.

மெக்கார்ட்னி கொண்டுவந்த மலிவுக் கிதார் நாளடைவில் உடைந்துபோக, அவர் கிளப்பின் பியானோவுக்கு மாறினார். ஓவியக் கல்லூரி மாணவரான சட்கிளிஃபுக்கு பேஸ் கிதார் புதிது. அவரும் அந்த மணிக்கணக்கிலேயே பழகினார்.

அசையாமல் நின்று பாடியவர்களைப் பார்த்து “மாக் ஷாவ்!” என்று கத்தினார் கோஷ்மிடர், ஆட்டம் காட்டுங்கள் என்று அர்த்தம். லென்னன் துள்ளினார், காலை உதறினார், தரையில் விழுந்து புரண்டார். வாசலைக் கடந்து போனவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் புகார் எழுந்தது. இந்திராவில் 48 இரவுகள் வாசித்த பின், அக்டோபரில் அதே தெருவில் ரீப்பர்பானுக்கு நெருக்கமாக உள்ள 36ஆம் எண் கைசர்கெல்லர் கிளப்புக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே மாறி மாறி வாசித்த இன்னொரு லிவர்பூல் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார்.

ஊர் திரும்பிய பின், 1960 டிசம்பர் 27 அன்று, லிவர்பூலை ஒட்டிய லிதர்லண்ட் நகர மண்டபத்தில் ‘ஹாம்பர்க்கிலிருந்து நேராக’ என்ற விளம்பரத்துடன் வாசித்தார்கள். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடையை நோக்கி முண்டியடித்தது. உள்ளூர்ப் பையன்கள் என்று தெரியாமல், ஜெர்மானியர்கள் என்றே நினைத்தவர்களும் அதில் இருந்தார்கள்.