இன்ஜினைத் திறக்கும் காலம்



நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள்களும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கடலும் ஓய்வதில்லை, கரையும் ஓய்வதில்லை. ஒருபுறம் வலை பழுதுபார்ப்பார்கள். மறுபுறம் இன்ஜினைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பியிருப்பார்கள். தடைக்கு உட்படாத சிறு வள்ளக்காரரும், தென்மேற்குப் பருவக்காற்று மிகுந்த நாள்களில், தம் அவுட்போர்டு இன்ஜினைச் சுமந்துவந்து வீட்டு முற்றத்தில் வைத்துத் திறப்பது வழக்கம்.

நம் சபையைச் சேர்ந்த வள்ளக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு பொருளை மாற்றிவிடுவார். கடல்நீரை இறைத்து இன்ஜினைக் குளிர்விக்கும் ரப்பர் இம்பெல்லர் அது, உள்ளங்கையில் அடங்கும். அதன் இதழ்கள் மணல் கலந்த நீரில் தேயும். நெடுநாள் ஓடாமல் கிடந்தால் வளைந்த வாக்கிலேயே விறைத்துப்போகும். இதழ் கிழிந்தால் நீரோட்டம் குறையும், இன்ஜின் சூடேறும், நின்றுவிடும். அவர் கழற்றிப்போட்ட பழையதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. “நல்லாத்தானே இருக்கு, அண்ணா?” என்று கேட்டேன். “இப்போ நல்லாத்தான் இருக்கு. நிக்கிற இடம் முகத்துவாரமா இருந்தா என்ன செய்ய, பாஸ்டரே?” என்றார்.

குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மணல் மேடிட்ட அவ்விடத்தில் அலை உயர்ந்து மடியும். அங்கே இன்ஜின் நின்றால் வள்ளத்தின் தலை திரும்பிவிடும். அடுத்த அலை பக்கவாட்டில் அறையும். அங்கே கவிழ்ந்த படகுகளும் இழந்த உயிர்களும் பல. அந்த அண்ணனின் மூத்த சகோதரரும் அவர்களில் ஒருவர்.

அவருடைய மகன் துபாயில் பணிபுரிகிறார். சிறு வயது முதலே வண்டிகளின்மேல் பித்துக்கொண்ட தம்பி அவர். பல ஆண்டுச் சேமிப்பில் 2003-ஆம் ஆண்டின் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். வாங்கிய பிறகுதான் அதன் இன்ஜினில் உள்ள ஒரு பேரிங்கைப் பற்றி விரிவாகப் படித்திருக்கிறார். “பாஸ்டர் ஐயா, இன்று வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஓட்டும்போதெல்லாம் பாட்டை நிறுத்திவிட்டு இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை இப்போதே மாற்றிவிடவா?” என்று எழுதியிருந்தார். தகப்பனாரோ, “மாத்திப்போடச் சொல்லுங்க” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இதை விசுவாசத்தைப் பற்றிய கேள்வியாக மாற்ற எனக்கு மனமில்லை. இது பேரிங்கைப் பற்றிய கேள்வி. பேரிங்கைப் பற்றியே யோசிப்போம்.

போர்ஷே நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் தன் புகழ்பெற்ற 911 காரிலும் புதிய பாக்ஸ்டரிலும் நீரால் குளிர்விக்கப்படும் இன்ஜினைப் பொருத்தியது. அதில் பிரதான சுழல்தண்டின் சுழற்சியை வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளுக்குக் கொண்டுசெல்ல ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது இருபுறமும் அடைக்கப்பட்ட, உள்ளேயே கிரீஸ் இடப்பட்ட ஒரு குண்டு பேரிங். ஆண்டுகள் செல்லச்செல்லச் சூடான எண்ணெய் அடைப்பின் ஓரமாகக் கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. புதிய எண்ணெய் தாராளமாக உள்ளே வரவும் அதே அடைப்பு விடுவதில்லை. பேரிங் உடைந்தால் இடைத்தண்டு ஆடும், வால்வுகளின் ஒழுங்கு தப்பும், பிஸ்டன் வால்வில் மோதும். பெரும்பாலும் இன்ஜின் முழுவதும் போய்விடும். இதன் தொடர்பாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு, 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக, 2013-இல் சமரச உடன்பாட்டுக்கு வந்தது. தொடக்க காலத்து இரட்டை வரிசைப் பேரிங்குகளில் பழுதானவை நூற்றுக்கு ஒன்று என்றும், பின்னர் வந்த ஒற்றை வரிசைப் பேரிங்குகளில் ஏறத்தாழ எட்டு என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. நம் தம்பியின் வண்டி இரண்டாம் வகை.

நூற்றில் எட்டு என்பது சிறிதா பெரிதா? மாற்றாமல் விட்டாலும் மீதித் தொண்ணூற்றிரண்டு பேருக்கு ஒன்றும் நேராது. வெறும் பணக்கணக்காகப் பார்த்தால், மாற்றும் செலவைப்போல் பன்னிரண்டரை மடங்குக்கு மேல் புதிய இன்ஜினுக்கு ஆகுமானால்தான் முன்கூட்டி மாற்றுவது ஆதாயம். அந்தப் பேரிங்கின் விலை பெரிதன்று. அதை எட்டுவதற்கு கியர்பாக்ஸையும் கிளட்சையும் ஃப்ளைவீலையும் இறக்கவேண்டிய கூலியே பெரிது. அதற்காக மட்டும் இறக்கினால் கணக்கு கட்டாது. தேய்ந்த கிளட்சை மாற்ற எப்படியும் இறக்கும் நாளில் என்றால், கூடுதலாக ஆவது பொருளின் விலையும் சிறிது நேரமும்தான். அன்றைக்குக் கணக்கு தலைகீழாகிவிடும். நம் துறைமுகத்தார் எல்லா வேலையையும் தடைக்காலத்திற்கு ஒதுக்கிவைப்பதும் இந்தக் கணக்கினால்தான்; அதை ஒருவரும் தாளில் எழுதிப் பார்த்ததில்லை, அவ்வளவே.

நன்றாக ஓடுவதைத் திறப்பதிலும் கேடு உண்டு. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலன், ஹீப் என்னும் இரு பொறியாளர்கள் விமானப் பராமரிப்பைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே வயது ஏற ஏறத் தேய்ந்து பழுதாகும் இயல்புடையவை. மற்றவற்றைக் காலக்கெடு வைத்து மாற்றுவதால் பயன் இல்லை. புதிதாகப் பொருத்திய சிறிது காலத்திலேயே பழுதாகும் பாகங்களே மிகுதியாக இருந்தன. ரப்பர் இதழ் ஐயமின்றி அந்தப் பதினொன்றைச் சேர்ந்தது. இந்தப் பேரிங்கோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: சில வண்டிகளில் சீக்கிரமே உடைகிறது, சிலவற்றில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகிறது.

ஆகவே தகப்பனாரின் விதியை அப்படியே மகனுக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. தகப்பனார் இம்பெல்லரை மாற்றுவது சதவீதத்தைப் பார்த்தன்று. நிற்கக்கூடிய இடத்தைப் பார்த்து. அங்கே ஆயிரத்தில் ஒன்றும் மிகுதிதான். மகனின் வண்டி நின்றால், பெரும்பாலும் சாலையோரம் ஒதுங்கி உதவிக்குத் தொலைபேசியில் அழைக்கும் நிலைதான். போவது பணமும் ஆசையும். அதை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன். பல ஆண்டுச் சேமிப்பு அது. ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

நான் எழுதியது இவ்வளவே: “தம்பி, கிளட்ச் தேயும்வரை பொறுங்கள். அதை இறக்கும் நாளில் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். அன்றைக்குச் செலவைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அதுவரை எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வடிகட்டியை அறுத்து விரித்துப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அந்த நிலையில் பேரிங்கை மட்டும் மாற்றியும் பயனில்லை. துகள் இன்ஜின் எங்கும் பரவியிருக்கும். துகள் இல்லையென்றால் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.” கடைசி வரியை எழுதியபோது சற்றே தயங்கினேன், பிறகு அப்படியே அனுப்பிவிட்டேன்.

தகப்பனாருக்கு இது உவப்பாக இல்லை. “திறக்கிற காலம் வரைக்கும் அது காத்திருக்கணுமே” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. நூற்றில் எட்டு என்பதன் பொருளும் அதுதான். சென்ற வாரம் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தார். அறுத்து விரித்த வடிகட்டித் தாளில் கறுத்த எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை. அண்ணன் அதைக் கைப்பேசியில் பெரிதாக்கி, ஒவ்வொரு மடிப்பாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.